வியாழக்கிழமை ருசி பார்த்தவள்

தாங்கல்மேட்டில் இன்று யாராவது "தலைவி" என்று கூப்பிட்டால் மஞ்சுளா திரும்பிப் பார்ப்பதில்லை. கிண்டலுக்குக் கூப்பிடுகிறார்களா, பழைய பழக்கத்தில் வாயில் வந்துவிட்டதா என்று அவளுக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று போய்விடுவாள். ஒரு வருஷத்துக்கு முன்னால் இதே சொல்லைக் காதில் வாங்கிக்கொள்வதற்காகவே நேர்வழியை விட்டுவிட்டு நாலு தெரு சுற்றிப் போனவள் அவள்தான்.

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது அந்த ஊர். மஞ்சுளா பிறந்ததும் அங்கேதான், வாழ்க்கைப்பட்டதும் அங்கேதான். அப்பா உழுத ஒன்றரை ஏக்கர் தொழிற்பேட்டைக்குப் போனது. நிலம் போன திசையில் கம்பெனிகள் வந்தன. அதில் ஒன்றில் காருக்கு ஒயர் கட்டும் வேலைக்கு அவள் சேர்ந்தாள். புருஷன் ராஜசேகர் ஒரகடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். ஒரே மகள் கவியா, ஊர் அரசுப் பள்ளியில் நாலாம் வகுப்பு. தெருவில் பாதிப் பேர் பிள்ளைகளை மஞ்சள் வேனில் ஏற்றி ஸ்ரீபெரும்புதூருக்கும் குன்றத்தூருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தபோது, "நம்ம ஊரு பள்ளிக்கூடத்துக்கு இன்னா கொறச்சல்?" என்று கேட்டவள் மஞ்சுளா. கேட்டதோடு நிற்கவில்லை, மகளை அங்கேயே கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. பெற்றோர்கள்தான் உறுப்பினர்கள், படிக்கிற பிள்ளையின் அம்மா ஒருத்திதான் தலைவியாக வரவேண்டும். தேர்ந்தெடுக்கும் நாளன்று யார் பெயரைச் சொன்னாலும், "எனுக்கு ஷிப்ட் கீது", "எம் மாமியா படுத்த படுக்கையா கீறாங்க" என்று ஆளுக்கு ஆள் நழுவினார்கள். மஞ்சுளா நழுவவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் ஆசை. எல்லாரும் கை தூக்கினார்கள், அவள் தலைவி ஆனாள்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை செய்தாள். பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குக் கதவில்லை என்று ஊராட்சி அலுவலகத்துக்கு ஆறு தடவை நடந்து கதவு போட வைத்தாள். கன்டெய்னர் லாரிகள் பறக்கிற சாலையில் பள்ளி விடும் நேரத்துக்கு ஒரு போலீஸ்காரரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்துகொண்டிருந்தது போய் நாற்பது பேர் வந்தார்கள். வராதவர்களை அவள் விடமாட்டாள். வாசலில் போய் நின்று, "சீரியல் பாக்க டைம் கீது, பெத்த புள்ளைக்கு டைம் இல்லியா?" என்று கேட்டுவிடுவாள். அந்த வாய் எத்தனை பேரைக் குத்தியிருக்கும் என்று அப்போது அவள் யோசித்துப் பார்க்கவில்லை.

பள்ளியில் காலை உணவு சமைப்பவர்கள் இரண்டு பேர். பெரியவள் முனியம்மாள், புருஷன் இல்லாதவள், நாற்பத்து நாலு வயது. அவளுடைய கடைசி மகள் தென்றல் கவியாவின் வகுப்பில்தான் படித்தாள். கூடமாட உதவிக்குத் தேவிப்பிரியா என்று ஓர் இளவயதுப் பெண். முனியம்மாள் கை மணம் ஊருக்கே தெரியும். அப்படிப்பட்டவள் ஒரு நாள் மஞ்சுளாவைப் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மஞ்சு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். வெளில வுட்டுடாத. கொரோனா வந்துச்சில்ல, அதுலேர்ந்து எனுக்கு வாசனையே தெர்ல. ருசியும் அரைகொறதான். கைப்பழக்கத்துல ஆக்கிகினு கீறேன். தெனமும் பயந்து சாவறேன்."

"டாக்டராண்ட காட்டலியாக்கா?"

"காட்டாம இருப்பனா? தானா வரும்னாரு. வர்ல. இது தெரிஞ்சா வேலைய வுட்டு எடுத்துடுவாங்க. தென்றல வெச்சிகினு நான் இன்னா பண்ணுவேன் சொல்லு."

மஞ்சுளாவுக்கு மனசு இளகிவிட்டது. அடுத்த கூட்டத்திலேயே ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தாள். நாளுக்கு ஓர் அம்மா காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கு வரவேண்டும். பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன்னால் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். "நம்ம புள்ளைங்க துன்றத நாம ஒரு வாய் துன்னு பாக்க வாணாமா?" என்று அவள் கேட்டபோது எல்லாரும் கை தட்டினார்கள். தலைமை ஆசிரியர் காசிராஜன் அன்றைக்கே ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டு வைத்தார். இந்த ஏற்பாட்டின் உண்மையான காரணம் இரண்டே பேருக்குத்தான் தெரியும். முனியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நீங்கல்லாந்தான் எனுக்கு மூக்கு, மஞ்சு" என்று சொன்னாள். மஞ்சுளா அன்று வீட்டுக்குப் போகும்போது தன்னைத் தானே மெச்சிக்கொண்டுதான் போனாள். வியாழக்கிழமையைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

சிக்கல் அவளுடைய ஷிப்டில் வந்தது. ஒரு வாரம் மத்தியான ஷிப்ட், ஒரு வாரம் காலை ஷிப்ட். காலை ஷிப்ட் என்றால் ஐந்து பத்துக்கெல்லாம் கம்பெனி பஸ் கூட்டுரோட்டுக்கு வந்துவிடும். எட்டு மணிக்கு அவள் கையில் ஒயர்தான் இருக்குமே தவிர உப்புமா இருக்காது. முதல் தடவை, சசிரேகா என்கிற இன்னொரு அம்மாவிடம் நாளை மாற்றிக்கொண்டாள். இரண்டாம் தடவை கேட்டபோது சசிரேகா நாலு பேர் முன்னால் சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"இன்னா தலைவி, பெத்த புள்ளைக்கு உனுக்கும் டைம் இல்லியா?"

நாலு பேரும் சிரித்தார்கள். மஞ்சுளாவும் சிரித்து வைத்தாள். அதற்குப் பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை.

இங்கேதான் கம்பெனிப் புத்தி குறுக்கே வந்தது. அவள் நிற்கிற லைனில் ஒரு வழக்கம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒயரை இழுத்துப் பார்த்து, பிடிப்பு சரியாக இருக்கிறதா என்று செக் ஷீட்டில் டிக் போடவேண்டும். யார் இழுத்துப் பார்க்கிறார்கள்? காலை ஆறு மணிக்கு லைனில் நின்றதுமே நாலு கட்டத்துக்கும் டிக் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். சூப்பர்வைசருக்கும் தெரியும். ஆடிட்காரர்கள் வந்தால் கட்டம் காலியாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. ஏழு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கைதான் பள்ளிக்கூட நோட்டையும் தொட்டது. காலை ஷிப்ட் வாரங்களில் புதன்கிழமை சாயங்காலமே தலைமை ஆசிரியர் அறைக்குப் போய், மறுநாளைக்குரிய வரியில், "8.05. ருசி பார்த்தேன். நன்று. மஞ்சுளா" என்று எழுதிவிட்டு வந்தாள். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. அதைத்தான் பின்னால் அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அப்படி நாலு வியாழக்கிழமைகள் போயின. அவள் வராத நாளில் முனியம்மாள் தேவிப்பிரியாவிடம், "நீ ஒரு வாய் பாரு" என்று கொடுத்துச் சமாளித்துக்கொண்டாள். வெளியே மூச்சு விடவில்லை.

ஐந்தாவது வியாழக்கிழமை ஐப்பசி மழை. தேவிப்பிரியா தம்பி கல்யாணத்துக்கு வாலாஜாபாத் போயிருந்தாள். முந்தின நாள் சமையலறையைக் கழுவிவிட்டு வைத்த பினாயில் பாட்டில், எப்படியோ சாய்ந்து, பக்கத்திலிருந்த ரவை மூட்டைக்குள் இரவெல்லாம் இறங்கியிருந்தது. காலையில் மூட்டையைப் பிரித்த முனியம்மாள் கட்டி கட்டியாக இருப்பதைப் பார்த்து, மழைக்கு ஈரம் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கட்டிகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மிச்ச ரவையில் உப்புமா கிண்டினாள். எட்டு மணியிலிருந்து கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டேகால் ஆயிற்று. மஞ்சுளா வரவில்லை.

காசிராஜன் சார் நனைந்துகொண்டு வந்தார். "என்னம்மா, இன்னும் போடலையா? ருசி பார்த்தாச்சா?" என்று கேட்டபடியே போய் நோட்டைப் பிரித்தார். "கையெழுத்து இருக்கே. அப்புறம் என்ன, போடுங்க. பிள்ளைங்க பசியோட உக்காந்திருக்கு."

முனியம்மாள் என்ன சொல்லுவாள்? "அந்தம்மா வரவே இல்லை" என்றால் மஞ்சுளா மாட்டுவாள். "எனக்கு வாசனை தெரியாது" என்றால் தான் மாட்டுவாள். கரண்டியை எடுத்தாள்.

மஞ்சுளாவுக்கு இதெல்லாம் மத்தியானம் இரண்டரை வரைக்கும் தெரியாது. லைனில் போன் கூடாது, பெட்டியில் பூட்டி வைத்துவிட வேண்டும். வெளியே வந்து எடுத்துப் பார்த்தால் ராஜசேகரிடமிருந்து பதினேழு அழைப்புகள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவள் ஓடியபோது பதினொரு பிள்ளைகள் படுத்திருந்தார்கள். கவியா ஒரு கட்டிலில், தென்றல் பக்கத்துக் கட்டிலில். பயப்பட ஒன்றுமில்லை, சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். பாதிப் பிள்ளைகள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டதால் தப்பினார்கள் என்றும், இந்தப் பதினொரு பேர்தான் நிறையச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

"ஏண்டி, அவ்ளோ நாத்தம் அடிச்சிக்கீதே, ஏன் துன்ன?" என்று கவியாவின் நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டாள் மஞ்சுளா.

"நீ பாத்து கையெழுத்து போட்டுக்கீறியாம். மிஸ் சொன்னாங்க" என்றாள் கவியா. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

செருப்பால் அடித்திருந்தால் கூட மஞ்சுளாவுக்கு அப்படி வலித்திருக்காது. அம்மா பார்த்திருப்பாள் என்று நம்பிப் பிள்ளை விஷத்தைத் தின்றிருக்கிறதே. அழவும் முடியவில்லை. சுற்றி நின்ற அம்மாக்கள், "தலைவி பொண்ணுக்கே இந்தக் கதின்னா பாரேன்" என்று அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை விசாரணைக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். மஞ்சுளா கம்பெனிக்கு இரண்டு நாள் லீவு சொல்லியிருந்தாள். அம்மாக்கள் எல்லாரும் வகுப்பறையில் பெஞ்சுகளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தும் பிள்ளைகள் வந்து ஜன்னலில் தொற்றிக்கொண்டு நின்றார்கள், கவியாவும் நின்றாள். முனியம்மாள் மட்டும் கரும்பலகையோரம் நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அதிகாரி நோட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மஞ்சுளா யாரு?"

"நான்தாங்க மேடம்."

"நேத்து எட்டு அஞ்சுக்கு ருசி பார்த்தீங்களா?"

மஞ்சுளா எழுந்து நின்றாள். ராத்திரியெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் முனியம்மாள் சொல்லிவிட்டாள்: "பாத்தாங்க மேடம். வந்தாங்க, பாத்தாங்க, போய்ட்டாங்க."

நாற்பது தலைகள் மஞ்சுளா பக்கம் திரும்பின. "ஆமா மேடம்" என்றாள் அவள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பாவி, நிறுத்தவில்லை. "அப்போ நல்லாத்தான் மேடம் இருந்துச்சி."

யாரும் கேட்காத வார்த்தை அது. மஞ்சுளா பார்த்தபோது நன்றாக இருந்தது என்றால், அதற்கப்புறம் கெடுத்தது யார்? பழி முழுக்க முனியம்மாள் தலையில் போய் உட்கார்ந்தது. அதிகாரி அவள் பக்கம் திரும்பினார்.

"பரிமாறுற நேரம் முழுக்க நீங்கதானே கிட்ட இருந்தீங்க? அவ்வளவு பினாயில் வாசனை உங்களுக்குத் தெரியலையா?"

முனியம்மாள் கரும்பலகையோடு இன்னும் ஒட்டி நின்றாள்.

"நான் கேக்கறது புரியுதா? உங்களுக்கு வாசனை தெரியுமா, தெரியாதா?"

முனியம்மாள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மஞ்சுளாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்: "தெரியாது மேடம். கொரோனா வந்ததுலேர்ந்து தெரியாது."

வகுப்பறை கொதித்துவிட்டது. "அடிப்பாவி! ரெண்டு வருஷமா மூக்கு இல்லாதவ கையிலயா நம்ம புள்ளைங்க துன்னுகினு இருந்திச்சி?" என்று சசிரேகா எழுந்து நின்று கத்தினாள். கத்திவிட்டு மஞ்சுளாவைக் கேட்டாள்: "தலைவி, இது உனுக்குத் தெரியுமா?"

"ஐயோ, எனுக்கு எப்டிக்கா தெரியும்?" என்றாள் மஞ்சுளா. சொன்னதோடு விடவில்லை, அதிர்ந்துபோனவள் மாதிரி வாயில் கையையும் வைத்துக்கொண்டாள்.

பொய்க் கையெழுத்துப் போட்டதைக் கூட ஷிப்ட் மேல், பஸ் மேல், எதன் மேலாவது போட்டுவிடலாம். வாயில் கை வைத்தாளே, அதை எதன் மேல் போடுவது? அந்தக் கையை இன்று நினைத்தாலும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

அன்றைக்கே முனியம்மாளை நிறுத்திவிட்டார்கள். வெளியே வரும்போது ஓர் அம்மா மஞ்சுளாவின் தோளைத் தட்டி, "நல்லவேளை, நீ ருசி பாக்கற ஏற்பாட வெச்ச. இல்லன்னா அவ வண்டவாளம் தெரிஞ்சிருக்குமா?" என்று பாராட்டினாள்.

சனிக்கிழமை காலையில் மஞ்சுளா முனியம்மாள் வீட்டுக்குப் போனாள். முனியம்மாள் கதவோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தென்றல் உள்ளே படுத்திருந்தாள்.

"கவியாக்கு எப்டி கீது? கஞ்சி எதனா குடுத்தியா?" என்றுதான் முனியம்மாள் முதலில் கேட்டாள்.

மஞ்சுளா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "யக்கா, என்னை நாலு அறை அறைஞ்சிடுக்கா. நான் வரலன்னு ஏன்க்கா சொல்லல?"

"சொல்றதுக்கு வாய் வரைக்கும் வந்துச்சி. ஜன்னலாண்ட உம் பொண்ணு நின்னுகினு இருந்திச்சி. என்னியே பாத்துகினு இருந்திச்சி. பெத்தவள புள்ள கண்ணு முன்னாடி எப்டி வுட்டுக் குடுக்கறது? அதான் பாத்தாங்கன்னேன்." கீரைக்காம்பை ஒடித்துப் போட்டாள். "நல்லாத்தான் இருந்துச்சின்னு நீ சொன்ன. சரி, பயத்துல சொல்ட்ட. ஆனா எனுக்குத் தெரியாதுன்னு சொன்ன பாரு மஞ்சு. அது வாணாம். அத நீ சொல்லியிருக்கக் கூடாது."

திட்டவில்லை, அழவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கீரையை ஆய்ந்து முடித்து முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மஞ்சுளா எழுந்தாள். கொண்டுபோன ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு வரவும் வெட்கமாக இருந்தது, திரும்ப எடுத்துக்கொண்டு வரவும் வெட்கமாக இருந்தது. எடுத்துக்கொண்டுதான் வந்தாள்.

திங்கட்கிழமை மத்தியான ஷிப்டுக்குப் போகும் முன்னால் காசிராஜன் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். முனியம்மாளின் விஷயம் தனக்கு முன்பே தெரியும் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நல்ல மனசுதாம்மா உங்களுக்கு. ஆனா இதைக் கிளறாதீங்க. அந்த நோட்டைப் பார்த்துதானே நான் போடச் சொன்னேன்? நானும் சேர்ந்து மாட்டுவேன். எப்படியும் அந்தம்மாவுக்கு வாசனை தெரியாதுங்கறது உண்மை, ரிப்போர்ட்ல போயாச்சு. நீங்க சொன்னா அவங்க வேலை திரும்பி வரப்போகுதா? விட்டுடுங்க."

விட்டுவிடத்தான் பார்த்தாள். மூன்று வாரம் விட்டுத்தான் பார்த்தாள். கம்பெனியில் லைனில் நிற்கும்போது மற்றவர்கள் டிக் போட்டு முடித்த பிறகும் அவள் ஒவ்வொரு ஒயராக இழுத்து இழுத்துப் பார்த்தாள். "இன்னா மஞ்சுளா, கம்பெனிய விலைக்கு வாங்கப் போறியா?" என்று சூப்பர்வைசர் கேட்டான். கூட்டுரோட்டில் ஒருநாள் முனியம்மாளைப் பார்த்தாள். ஏதோ கம்பெனியில் புல்லுக்குத் தண்ணீர் விடும் கான்ட்ராக்ட் வேலைக்கு வேனில் ஏறிக்கொண்டிருந்தாள். மஞ்சுளாவைப் பார்த்ததும் அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தப்பு செய்தவள் நான், முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் அவளா என்று மஞ்சுளா வேன் போகும் வரைக்கும் அங்கேயே நின்றாள். மாசக் கடைசிக் கூட்டத்தில் சொல்லிவிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு எல்லாரும் வந்திருந்தார்கள், முனியம்மாளைத் தவிர. தலைவி என்பதால் முதலில் பேச வேண்டியவள் அவள்தான். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னாள்.

"நான் அன்னிக்கு வர்ல. ருசி பாக்கல. மொத நாளே கையெழுத்து போட்டுட்டுப் போய்ட்டேன். முனிம்மாக்கா என்னிய காப்பாத்தறதுக்குப் பொய் சொன்னாங்க. நான் என்னிய காப்பாத்திக்கறதுக்கு அவங்கள மாட்டி வுட்டேன்."

காசிராஜன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். சசிரேகா மெதுவாகக் கேட்டாள்: "அந்தம்மாக்கு வாசன தெரியாதுன்னு?"

"தெரியும். எனுக்கு மட்டுந்தான் தெரியும். அதுக்காகத்தான் இந்த ஏற்பாட்டையே வெச்சேன்."

அவளைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. யாரும் திட்டவில்லை. பின் பெஞ்சிலிருந்து ஓர் அம்மா, "எம் பையன் நாலு வாட்டி வாந்தி எடுத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முனியம்மாளைத் திரும்ப எடுக்கச் சொல்லி எழுதலாமா என்று சசிரேகா கேட்டதற்கு, வேறு ஆள் போட்டாயிற்று, வாசனை தெரியாது என்று எழுத்தில் போய்விட்டது, இனி நடக்காது என்று சார் சொன்னார். மஞ்சுளா விலகிக்கொண்டாள். சசிரேகா தலைவியானாள். எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கலைந்து போகும்போது ஒருத்தியும் மஞ்சுளாவிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

கவியா பையை மாட்டிக்கொண்டு கேட்டருகே நின்றுகொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. இருவரும் நடந்தார்கள். தெருவில் ஆட்கள் இருந்தார்கள், சேதி அதற்குள் அவர்களை முந்திக்கொண்டு போயிருந்தது. ரேஷன் கடை வரைக்கும் வந்ததும் கவியா கேட்டாள்:

"ஏம்மா சொன்ன?"

"தப்பு பண்ணா சொல்லித்தான்டி ஆவணும்."

"நான்தான் யாருகிட்டயும் சொல்லலியே."

மஞ்சுளா நின்றுவிட்டாள். "நீ இன்னா சொல்லல?"

"நீ அன்னிக்கு வரலன்னு. நீ பஸ்ஸுக்குப் போறப்போ நான் முழிச்சிகினுதான் இருந்தேன்." கவியா தரையைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "எல்லாரும் நாத்தம் அடிக்கிதுன்னாங்க. கவியா அம்மா ருசி பாத்துக்கீறாங்க, தரைய கழுவன வாசனதான் அது, துன்னுங்கன்னு மிஸ் சொன்னாங்க. எல்லாரும் என்னியே பாத்தாங்க. நான் துன்னலன்னா நீ பாக்கலன்னு தெரிஞ்சிடுமில்ல? அதான் மூச்சப் புடிச்சிகினு துன்னேன். தென்றல் வாணான்னா. அவளையும் துன்னச் சொன்னேன். எங்கம்மா பாத்துட்டாங்க, துன்னுடின்னு சொன்னேன்."

நம்பித் தின்றாள் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். மகள் நம்பவில்லை. எல்லாம் தெரிந்தேதான் தின்றிருக்கிறாள், அம்மாவின் மானத்துக்காக, ஒன்பது வயதில். மஞ்சுளா நடுத்தெருவில், ரேஷன் வரிசை மொத்தமும் பார்க்க, அப்படியே உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.

கவியா சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு குனிந்து, அம்மாவின் முந்தானையை இழுத்து முகத்தை மூடிவிட்டு, காதில் சொன்னாள்:

"எழுந்திரும்மா. எல்லாரும் பாக்கறாங்க."